நான் பார்க்காததுபோல் பார்த்த பந்துவீச்சாளன்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் கையில் முதல் நாளே வேகம் அளக்கும் கருவி ஒன்றைக் கொடுத்திருப்பார்கள். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கண்டி மழையில் நனைய விடாதீர்கள். எங்கே நின்று அளப்பது, எப்படிக் குறித்துவைப்பது என்பதையெல்லாம் உங்களுக்கு நன்றாகவே சொல்லிக் கொடுப்பார்கள். நான் சொல்லப்போவது அந்தக் கருவியில் விழாத ஒரு முட்டாள்தனத்தைப் பற்றி. முட்டாள் நான்தான், அதனால் யாருடைய மனமும் நோகாமல் விலாவாரியாகச் சொல்லலாம்.

நம்முடைய அணிக்காக நான் பந்துவீச்சாளர்களைப் பார்த்து வந்தேன். டிராஃப்ட் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஐந்து அணிகளும் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து, சீட்டுக் குலுக்கி வந்த வரிசைப்படி மாறி மாறி ஆள் எடுக்கும். கடைசிச் சுற்று பல்கலைக்கழக மாணவர்களுக்கு. முதல் சுற்றுகளில் எடுக்கப்படும் பெரிய தலைகளை ஊரே அறியும், அவர்களைப் பார்க்க என்னைப்போல் ஒருவன் தேவையில்லை. யாருக்கும் பேர் தெரியாத ஒருவனை எங்கேயோ ஒரு மைதானத்தில் கண்டுபிடித்து, கடைசிச் சுற்றில் அலுங்காமல் தூக்கிவர வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அலுங்காமல் என்பதுதான் இதில் பெரிய வித்தை. பெண் பார்க்கப் போனவர்கள் பிடித்திருந்தாலும் முகத்தில் காட்டாமல் பலகாரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள் இல்லையா, அதுபோலத்தான். நீங்கள் ஒருவனை உற்றுப் பார்த்தால், பக்கத்தில் இருக்கும் மற்ற அணிக்காரனும் அவனைப் பார்ப்பான். ஆகவே ஒருவர் வேண்டுமென்றே மட்டமான பந்துக்குக் கைதட்டுவார். ஒருவர் கமெராவை எதிர்ப்பக்கம் திருப்பி வைப்பார். பிடித்த பந்துவீச்சாளன் வந்ததும் எழுந்து வடை வாங்கப் போகிற ஒருவரும் இருந்தார், அவருக்குத் தொடர் முடிவதற்குள் வயிறு கெட்டதுதான் மிச்சம்.

என் வித்தை தூக்கம். எல்லைக்கோட்டருகே உட்கார ஒரு மடிப்புக் கதிரை, ஒரு குடை, ஒரு பேப்பர். எனக்கு வேண்டிய ஆள் பந்தைக் கையில் வாங்கியதும் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தலையைச் சாய்த்துவிடுவேன். பேப்பரின் நடுவில் விரல் நுழைகிற அளவு ஒரு ஓட்டை இருக்கும். அதன் வழியாக ஒரு கண்ணால் பார்ப்பேன். சில நாட்களில் லேசாகக் குறட்டையும் விடுவேன். இந்த நடிப்பில் எனக்கு அப்படியொரு பெருமை.

அந்த வருடம் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகள் பேராதனைப் பக்கம் நடந்தன. பதினொரு நாள், நாலு ஆட்டம். முதல் நாள் காலையில் எனக்கு அவனைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதனால் பேப்பரை நிஜமாகவே படித்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு சத்தம் கேட்டது. பந்து விக்கெட் காப்பாளரின் கையுறையில் விழுந்த சத்தம். அந்தச் சத்தத்தை ஒரு தரம் கேட்டவனுக்கு மறக்காது. நிமிர்ந்து பார்த்தேன். மெலிந்த, கை நீண்ட, வலது தோள் கொஞ்சம் இறங்கிய ஒருவன் திரும்பி நடந்துகொண்டிருந்தான். பந்தை விட்டுவிட்டுக் காப்பாளரைப் பார்த்தேன். முதல் ஓவரில் நின்ற இடத்திலிருந்து மூன்றாவது ஓவரில் நாலு எட்டுப் பின்னால் போயிருந்தார். வேகத்தைக் கருவி சொல்வதற்கு முன்பே காப்பாளரின் கால் சொல்லிவிடும், இதையும் குறித்துக்கொள்ளுங்கள். உடனே பேப்பரை முகத்தில் போட்டேன்.

அவன் பேர் கவிராஜ். தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் முடித்துவிட்டிருந்தான். இதையெல்லாம் நான் யாரிடமும் கேட்கவில்லை. ஸ்கோர் எழுதுகிறவர்களுக்குப் பின்னால் நின்று, வெற்றிலை போடுகிற மாதிரி, காதில் விழுந்ததைப் பொறுக்கினேன். கேட்டால் காட்டிக் கொடுத்துவிடும் அல்லவா. நாலு ஆட்டத்திலும் அவன் பந்து வீச வரும்போதெல்லாம் நான் தூங்கினேன். மற்றவர்கள் வீசும்போது விழித்திருந்தேன்.

எங்கள் அணியில் புள்ளிவிவரம் பார்க்க யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். வயதில் எனக்கு மகள் மாதிரி. கணினியும் கையுமாகத் திரிந்ததால் நாங்கள் அவளைக் கணக்கப்பிள்ளை என்று கேலி செய்வோம். உண்மையைச் சொன்னால் இந்த வேலையில் எனக்குக் குரு என்று யாராவது இருந்தால் அது அவள்தான். கவிராஜைப் பற்றி அவளிடம் மட்டும் சொன்னேன்.

"அந்தப் பெடியனோட ஒருக்காக் கதைச்சியளோ அண்ணை?" என்று கேட்டாள்.

"கதைச்சா முடிஞ்சது கதை. தொப்பிக்காரர் அங்கதான் இருக்காரு."

தொப்பிக்காரர் என்றது கொழும்புப் பக்க அணியொன்றுக்கு ஆள் பார்க்கிறவரை. கண்டிக்காரர்தான், என் பழைய கூட்டாளி, அகலமான வெள்ளைத் தொப்பி போடுவார். கடைசிச் சுற்றில் அவருடைய அணிக்கு மூன்றாம் முறை, எங்களுக்கு நாலாம் முறை விழுந்திருந்தது. அவர் மோப்பம் பிடித்தால் கவிராஜ் எங்கள் கைக்கு வரமாட்டான். அந்தப் பயத்தில்தான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

டிராஃப்டுக்கு முந்தைய நாள். பல்லேகலவில் விளையாட்டரங்கத்துக்குப் பக்கத்தில் இருந்த பதிவு அலுவலகத்தில் மாலை நாலு மணியோடு பதிவு முடியும். டிராஃப்டில் பேர் வர வேண்டுமென்றால் வீரர் தன் கையால் சம்மதப் படிவத்தில் ஒப்பமிட்டு, அந்தத் தாளே அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும். படிவங்கள் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பப்பட்டிருந்தன. பந்து பிடிக்கத் தெரிந்த எல்லோருமே நிரப்பிக் கொடுத்திருப்பார்கள் என்று நான் நிம்மதியாக இருந்தேன். பகல் பன்னிரண்டு மணிக்கு, அதுவரை வந்த பேர்களைச் சுவரில் ஒட்டினார்கள். கணக்கப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். அவளுடைய முகம் சரியாக இல்லை.

"அண்ணை, உங்கட பெடியன்ர பேர் லிஸ்டில இல்லை."

"வடிவாப் பாத்தியா?"

"ஓம். ரெண்டு தரம் பாத்திட்டன்."

பல்கலைக்கழக அணித் தலைவனின் இலக்கத்தைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டோம். அவன் சிங்களத்தில் சொன்னதன் சாரம் இதுதான்: கவிராஜ் படிவத்தை வாங்கவே இல்லை. தன்னை யாரும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டான். மாலைதீவில் ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்திருக்கிறது, நாளை பின்னேரம் விமானம். இன்றைக்குக் கம்பளையில் வேலை செய்யும் தங்கையைப் பார்த்துவிட்டு, இரண்டு மணி ரயிலில் கொழும்புக்குப் போகிறான். பழைய சிம்மைக் கழற்றிவிட்டான், புது இலக்கம் தெரியாது.

அப்படிப்பட்ட பந்துவீச்சு ஒரு ஹோட்டலில் தட்டுத் தூக்கப் போகிறது, காரணம் நான்.

"ஏறுங்கோ அண்ணை," என்றாள் கணக்கப்பிள்ளை. கையில் ஒரு வெற்றுப் படிவம், வாசலில் அவளுடைய ஸ்கூட்டி.

பல்லேகலவிலிருந்து கம்பளைக்கு ஸ்கூட்டியில் போயிருக்கிறீர்களா? அதுவும் யாழ்ப்பாணத்துச் சமதரையில் ஓட்டிப் பழகிய கையின் பின்னால் உட்கார்ந்து? யாரோ ஒருவருடைய ஹெல்மெட், எனக்கு ஒரு அளவு சின்னது, நெற்றியைக் கவ்விக்கொண்டிருந்தது. குடையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தேன், ஏன் அதை எடுத்து வந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. தென்னக்கும்புரப் பாலத்தைத் தாண்டும்வரை கண்ணை மூடிக்கொண்டேன். வாவிக்கரையில் பள்ளிக்கூட வேன்கள் வரிசை கட்டி நின்றன. அவள் வேன்களுக்கும் நடைபாதைக்கும் நடுவே, ஒரு ஆள் நடக்கிற இடத்தில் நுழைந்தாள்.

"இறுக்கிப் பிடியுங்கோ."

"பிடிச்சிட்டுத்தான் இருக்கேன். உசிரைப் பிடிச்சிட்டு இருக்கேன்."

பேராதனை தாண்டியதும் மழை தூறியது. கெலிஓயாவில் ஒரு லொறி முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் நாங்கள் போன கொஞ்ச நேரத்தில் அவள் திரும்பாமலே ஒன்று சொன்னாள். அதை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

"அங்க போய் அவனுக்குப் பொய் சொல்லக்கூடாது அண்ணை. நாங்கள் எடுப்பம் எண்டு வாக்குக் குடுக்கேலாது. எங்களுக்கு முன்னால மூண்டு அணி இருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. வாக்குக் கொடுத்தால் அவன் நிற்பான், உண்மையைச் சொன்னால் ரயிலேறுவான் என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஸ்டேசனுக்குள் ஓடும்போது மணி ஒன்று ஐம்பது. மேடையில் கூட்டம். அவனை இத்தனை நாளும் எல்லைக்கோட்டிலிருந்துதான் பார்த்திருக்கிறேன், முகம் சரியாகப் பதியவில்லை. ஆனால் ஒருவன் தண்ணீர்ப் போத்தலோடு மேடையின் கோடியிலிருந்து நடந்து வந்தான், வலது தோள் இறங்கியிருந்தது. அந்த நடையை எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடிப்பேன்.

"கவிராஜ் தம்பி," என்று கூப்பிட்டேன்.

அவன் நின்றான். என்னை மேலிருந்து கீழே பார்த்தான். ஹெல்மெட்டைக் கழற்ற மறந்திருந்தேன், கழற்றினேன். பிறகு குடையைப் பார்த்தான்.

"சார், நீங்க அந்தக் குடை வச்சிக்கிட்டு இருந்தவரு தானே?"

பக்கத்தில் ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டு அவனுடைய தங்கை நின்றாள். கம்பளையில் புடவைக் கடையொன்றில் வேலை, கடையின் சீருடையோடு வழியனுப்ப வந்திருந்தாள். அவள் அவனிடம் கேட்டாள், எனக்குக் கேட்கும் என்பதைப் பற்றி அவளுக்கு அக்கறையில்லை.

"அண்ணே, இவருதான் அந்தத் தூங்குனவரா?"

"ஆமா," என்றான் அவன். பிறகு என்னைப் பார்த்து மரியாதையாகவே சொன்னான். "மத்தவங்க போடும்போது நீங்க நல்லா முழிச்சித்தான் இருந்தீங்க சார். நான் போட வந்தா மட்டும் பேப்பர மூஞ்சில போட்டுக்கிட்டுத் தூங்குவீங்க. நாலு மேட்சும் பாத்தேன். பாக்கக்கூட லாயக்கில்லன்னு அப்பவே விளங்கிருச்சி."

என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். எதுவும் இப்படிச் சுட்டதில்லை.

கொழும்பு ரயில் வரும் அறிவிப்பு கேட்டது. கணக்கப்பிள்ளை படிவத்தை நீட்டினாள். அவன் கையை நீட்டவில்லை. எப்படி நீட்டுவான், இரண்டு நிமிடத்துக்கு முன்னால் வந்து நின்ற ஒருவன் உன்னைப் பிடித்திருக்கிறது என்றால் யார் நம்புவார்கள்.

அப்போது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். மனதில் இருந்ததை ஒப்பிக்கத் தொடங்கினேன். முதல் ஆட்டத்தில் மூன்றாவது ஓவரில் காப்பாளர் நாலு எட்டுப் பின்னால் போனதைச் சொன்னேன். இரண்டாவது ஆட்டத்தில் இடது காலின் சப்பாத்து நாடா அறுந்து, அதைக் கழற்றிக் கட்டிவிட்டு வந்து அடுத்த பந்தையே யோர்க்கராகப் போட்டதைச் சொன்னேன். அவன் புருவம் அசைந்தது. தூரத்தில் ரயிலின் ஊதல் கேட்டது.

"மூணாவது மேட்ச், மழை விட்ட பெறகு," என்றேன். "பந்து ஊறிப்போயிருந்திச்சி. நீ அத சட்டைல தொடைக்காம, கால்சட்டைப் பையில இருந்த கைக்குட்டையில தொடைச்ச. எட்டாவது ஓவர். மூணாவது பந்துக்கு மட்டை பிடிச்சவன் நாலு அடிச்சான். நீ அவன மொறைக்கல, கேப்டனையும் பாக்கல, நேரா உன் எடத்துக்கு நடந்து போய், அந்த நாலாவது பந்த அதே எடத்துல, அதே ஓட்டத்துல, கொஞ்சம் மெதுவாப் போட்ட. விக்கெட் விழல. அவன் மட்டை சும்மா காத்துல போச்சி. ஸ்கோர் புஸ்தகத்துல அதுக்கு ரன் இல்லன்னு ஒரு புள்ளிதான். நான் பன்னெண்டு வருசமா பாக்குறேன், நாலு வாங்கின கையோட அப்பிடி ஒரு பந்த யாரும் போட்டு நான் பாத்ததில்ல."

அவன் போத்தலைக் கீழே வைத்தான். "அத யாரும் பாக்கலன்னு நெனச்சேன்," என்றான்.

"பேப்பர்ல ஓட்டை இருக்கு தம்பி. நான் தூங்கல. மத்த அணிக்காரங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு நடிச்சேன். உனக்குத் தெரிய வேணும்னு யோசிக்கல. என் பிழை."

ரயில் மேடைக்குள் வந்தது. அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "கையெழுத்துப் போட்டா என்னைய எடுப்பீங்களா சார்?"

கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்தாள். ஆமாம் என்ற வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. அதை விழுங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"அது என் கையில இல்ல. எங்களுக்கு முன்னாடி மூணு அணி இருக்கு. எங்க மொறை வரும்போது உன் பேர் இருந்தா எடுப்போம், அது சத்தியம். ஒருத்தரும் எடுக்கலன்னா நாளைக்குப் பின்னேரம் நீ விமானம் ஏறலாம். பேரே இல்லன்னா யாராலயும் எடுக்க ஏலாது."

சனம் ஏறிக்கொண்டிருந்தது. அவன் பெட்டியைத் தூக்கினான். தங்கை அதன் மறுபிடியை விடவில்லை.

"கையெழுத்துப் போடுண்ணே," என்றாள். "தூங்குற ஆளு கைக்குட்டையப் பாப்பாரா?"

அவன் ஏறி, ஜன்னலருகே இடம் பிடித்து, கையை வெளியே நீட்டினான். கணக்கப்பிள்ளையிடமிருந்து படிவத்தை வாங்கி, என் பேனாவோடு கொடுத்தேன். ரயில் நகரத் தொடங்கியது. அவன் ஜன்னல் சட்டத்தில் தாளை வைத்து எழுத, நான் கூடவே நடந்தேன், பிறகு ஓடினேன். அடையாள அட்டை இலக்கம், புதுத் தொலைபேசி இலக்கம், ஒப்பம். மேடை முடிய ஐந்தாறு எட்டு இருக்கும்போது தாள் என் கைக்கு வந்தது. ஐம்பத்தொன்பது வயதில் நான் பிடித்த மிக நல்ல பிடி அதுதான்.

திரும்பும் வழியில் தாளைச் சட்டைக்குள் போட்டு, மேலே குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். அதற்காகத்தான் குடையை எடுத்து வந்தேன் போல. கண்டி நகரத்தில் பத்து நிமிடம் ஒரு வாகனமும் அசையவில்லை. நான் இறங்கி, வாகனங்களுக்கு முன்னால் நின்று, ஒரு பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஸ்கூட்டிக்கு வழி எடுத்துக் கொடுத்தேன். பஸ் ஓட்டுநர் சொன்னதை இங்கே எழுத முடியாது. அலுவலக வாசலில் இறங்கும்போது நாலு மணிக்கு இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. ஹெல்மெட்டோடு உள்ளே ஓடிப்போய்த் தாளை மேசையில் வைத்தேன். நிமிர்ந்தால், பக்கத்துக் கதிரையில் தொப்பிக்காரர். மேசையில் இருந்த பேரை நிதானமாக வாசித்தார். எனக்கு உயிர் போய்விட்டது.

மறுநாள் பகலுக்கு முன்பே மண்டபத்தில் கடைசிச் சுற்று வந்தது. முதல் அணி ஒரு சுழற்பந்து வீச்சாளனை எடுத்தது. இரண்டாவது அணி ஒரு துடுப்பாட்டக்காரனை எடுத்தது. கணக்கப்பிள்ளை மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவதாகத் தொப்பிக்காரர் எழுந்தார். என்னைப் பார்க்கவேயில்லை.

"கவிராஜ்," என்றார்.

நான் எழுந்து கைதட்டினேன். எங்கள் மேசையில் எல்லோரும் என்னை முறைத்தார்கள். நானாக எழவில்லை, கால் எழுந்தது, கை தட்டியது. எங்களுக்கு அவன் கிடைக்கவில்லை, பதினொரு நாள் உழைப்பு இன்னொருவனுக்குப் போனது, ஆனாலும் அவ்வளவு சந்தோசம். வெளியே ஓடிப்போய் அந்தப் புது இலக்கத்துக்கு அடித்தேன்.

"தம்பி, ஏறாதே. எடுத்துட்டாங்க. நாங்க இல்ல, வேற அணி."

"தங்கச்சிக்குச் சொல்லணும் சார்," என்று அழுதான்.

தேநீர் வேளையில் தொப்பிக்காரர் என்னிடம் வந்தார். "படிவம் கொண்டுவந்ததுக்கு நன்றி மச்சான். அவன நானும் குறிச்சித்தான் வச்சிருந்தேன். நீங்க எப்பிடியும் பேரக் குடுக்க வச்சிருப்பீங்கன்னு நம்பிட்டு இருந்தேன்."

"நான்தான் தூங்கிட்டு இருந்தேனே, எப்பிடித் தெரியும்?"

அவர் சிரித்த சிரிப்பில் தொப்பி விழுந்தது. "ஒங்கட பேப்பர் ஓட்டை எங்க எல்லாருக்கும் தெரியும். எந்தப் பந்துவீச்சாளன் வந்தா நீங்க தூங்குறீங்களோ, அவனத்தான் நாங்க பாக்குறது. அஞ்சு வருசமா அதான் எங்கட கருவி."

ஆக, என் நடிப்பில் ஏமாந்தது அந்த மைதானத்தில் ஒரே ஒருவன், யார் ஏமாறவே கூடாதோ அவன். இதைக் கேட்டுக் கணக்கப்பிள்ளை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். "நாங்கள் தோத்திட்டம் அண்ணை. ஆனாலும் நல்லாத்தான் இருக்கு, என்ன?" என்றாள்.

அதன் பிறகு ஓய்வு பெறும்வரை ஒரு பழக்கம் வைத்திருந்தேன். எவனைப் பார்த்தேனோ, ஆட்டம் முடிந்ததும் அவனிடம் போய், உன்னைப் பார்த்தேன், இந்தப் பந்து எனக்குப் பிடித்தது என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். எடுப்பேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. இதனால் இரண்டு மூன்று பேரை மற்ற அணிகளிடம் இழந்தோம், அதற்காகக் கூட்டங்களில் வாங்கியும் கட்டினேன். நீங்களும் வாங்கிக் கட்டுவீர்கள். பரவாயில்லை, போய்ச் சொல்லுங்கள். ஆள் பார்க்கிற வேலையில் பாதி அதுதான்.

அந்த டிராஃப்டுக்குப் பின் வந்த தொடரில் பல்லேகலவில் எங்களுக்கு எதிராகக் கவிராஜ் முதன்முதலில் ஆடினான். பகல் ஆட்டம், வெயில். நான் எல்லைக்கோட்டருகே என் கதிரையில், பழக்க தோசத்தில் மடியில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தேன். பந்தைக் கையில் வாங்கியவன் ஓடத் தொடங்கும் முன் என் பக்கம் திரும்பினான். இரண்டு கைகளையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்து, தலையைச் சாய்த்து, தூங்குவதுபோல் காட்டினான். நான் பேப்பரைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றேன். அவன் சிரித்துக்கொண்டே ஓடி வந்து, எங்கள் ஆளின் நடு ஸ்டம்பைப் பெயர்த்தான்.